லத்தீஃபா கேட்காத கார்

முத்துப்பேட்டையில் லத்தீஃபாவுக்குக் கோபக்காரி என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் கோழியைக்கூட அதட்டத் தெரியாத பெண் என்றுதான் மாமியார் வீட்டில் பேசிக்கொண்டார்கள். கோபம் அந்த வீட்டுக்குள் ஒரு காரோடு வந்தது.

அவள் புருஷன் ஜெய்னுலாபுதீன் குவைத்தில் ஒரு அரபி வீட்டில் டிரைவர். இரண்டு வருஷத்துக்கு ஒருமுறை லீவில் வருவார். தொண்ணூறுகளின் கடைசியில் அப்படி வந்தபோது, வெளிநாட்டுக் கார் கம்பெனிகள் ஒன்றன்பின் ஒன்றாக இந்தியாவுக்குள் நுழைந்து கடை விரித்திருந்தன. திருச்சி போகிற வழியெல்லாம் அவற்றின் விளம்பரப் பலகைதான். இந்த லீவில் கார் எடுத்தே தீருவது என்று ஜெய்னுலாபுதீன் முடிவு கட்டிவிட்டார்.

“மச்சான், அம்பாசிடரா ஒண்ணு எடுங்க. பழசா இருந்தாலும் பரவால்ல” என்றாள் லத்தீஃபா. “வழியில நின்னா திருத்துறைப்பூண்டியிலயும் ஆளு இருக்கு, நீடாமங்கலத்துலயும் ஆளு இருக்கு. தோப்புக்கும் போவலாம், ஆஸ்பத்திரிக்கும் போவலாம்.”

ஜாம்புவானோடையில் அவளுடைய வாப்பா விட்டுப்போன தென்னந்தோப்பில் அவளுக்கு ஒரு பங்கு உண்டு. அதைத்தான் சொன்னாள்.

“தோப்புக்குப் போவவா காரு வாங்குறது? அந்தத் தகர டப்பாவ வாங்குறதுக்கா நான் குவைத்துல வேவுறேன்?” என்று சிரித்தார் ஜெய்னுலாபுதீன்.

கார் வாங்கத் தன் கூடப்பிறந்த மூத்தவரான மூஸா காக்காவைக் கூட்டிக்கொண்டு திருச்சிக்குப் போனார். அவளைக் கூப்பிடவில்லை. சாயங்காலம் வெள்ளி நிறத்தில் நீளமான ஒரு கார் தெருவுக்குள் நுழைந்தது. ஊரே கூடியது. அசல் வெளிநாட்டுக் கம்பெனி வண்டி என்று மூஸா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னார்.

“எந்த ஊர்ல செய்யிறாங்களாம்?” என்று கேட்டாள் லத்தீஃபா.

“வடநாட்டுல ஃபேக்டரி போட்டிருக்கான்.”

“அப்ப இதுவும் நம்ம ஆளுங்க கையால செஞ்சதுதானே? அதுக்கா இவ்வளவு பவுசு?”

“செய்யிறவன் பேரா வண்டியில இருக்கு? கம்பெனி பேருதான் இருக்கும்” என்றார் ஜெய்னுலாபுதீன். சொல்லிவிட்டு ஏனோ சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

லீவு முடிந்தது. காருக்குத் தடித்த உறை ஒன்று வாங்கிப் போர்த்தினார். ஒரு சாவியைக் குவைத்துக்கு எடுத்துக்கொண்டார். இன்னொன்றை மூஸா கையில் கொடுத்தார். லத்தீஃபா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு ஒரு சாவி வேண்டுமா என்று யாரும் கேட்கவில்லை.

மூஸா அந்தக் காரில் கல்யாணத்துக்குப் போனார். சம்பந்தி வீட்டாரை நாகூருக்கு அழைத்துப் போனார். லத்தீஃபாவுக்கு வேண்டுமென்றால் முதல்நாளே சொல்லிவைக்க வேண்டும். சொல்லிவைத்தாலும், “நாளைக்கு வண்டியை எடுக்கலம்மா” என்று பதில் வரும். கார் நின்ற கொட்டகை அவள் வீட்டுக் கொல்லையில். அதைத் தாண்டித்தான் துணி காயப்போடப் போகவேண்டும்.

ஐப்பசி மழையில் ஒருநாள் காலை அவள் மகள் ஆஷிகா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு விழுந்தாள். சின்னப் பெண். பச்சையாக வாந்தி எடுத்தாள். வைத்தியம் பார்க்கும் கம்பவுண்டர் தொட்டுப் பார்த்துவிட்டு, “ஒடனே தஞ்சாவூருக்குக் கொண்டுபோங்க, நிக்காதீங்க” என்றார். லத்தீஃபா மழையில் நனைந்தபடி மூஸா வீட்டுக்கு ஓடினாள். மூஸா வீட்டில்தான் இருந்தார், ஈசிசேரில்.

“பெரிய மச்சான், காரை எடுங்க. புள்ளை துடிக்கிறா.”

மூஸா எழுந்து வாசல்வரை வந்து மழையைப் பார்த்தார். “ரோடெல்லாம் தோண்டிக் கெடக்கும்மா. அது தாழ்வான வண்டி, அடி தட்டிரும். அப்பறம் தம்பிக்கு நான் பதில் சொல்ல முடியாது. ஆட்டோவுல போயிடு. நான் வேணா ஆட்டோ புடிச்சுத் தர்றேன்.”

ஒரு கணம் அவளுக்குக் காது கேட்கவில்லையோ என்று தோன்றியது. பிறகு தானே ஆட்டோ பிடிக்கத் திரும்பி ஓடினாள்.

படுதா கட்டிய ஆட்டோ ஒவ்வொரு பள்ளத்திலும் தூக்கிப் போட்டது. ஒவ்வொரு தடவையும் ஆஷிகா, “உம்மா” என்று அலறினாள். திருத்துறைப்பூண்டியில் ஒரு வாடகை அம்பாசிடர் கிடைத்தது. தண்ணீர் நின்ற ரோட்டில் அது குலுங்கிக் குலுங்கிப் போய்த் தஞ்சாவூர் பெரியாஸ்பத்திரியில் கொண்டு சேர்த்தது. குடல்வால் வெடிக்கிற நிலைமையில் இருந்ததாகச் சொல்லி உடனே அறுத்தார்கள். பிள்ளை பிழைத்தாள்.

மறுநாள் ஆஸ்பத்திரிக்கு எதிரே இருந்த பூத்திலிருந்து குவைத்துக்குப் பேசினாள். ஜெய்னுலாபுதீன் முதலில் தேம்பி அழுதார். அல்லாஹ் காப்பாத்தினான் என்றார். அழுகை அடங்கியதும், “காக்கா காரை எடுக்கலையே?” என்று கேட்டார். “அந்த ரோட்டுல எடுத்திருந்தா அடிப்பக்கம் போயிருக்கும்.”

லத்தீஃபா ரிசீவரை வைத்துவிட்டாள்.

ஊருக்குத் திரும்பி, மழை விட்டு வெயில் வந்த அன்றைக்குக் கொட்டகைக்குப் போய்க் கார் உறையை உருவினாள். அதை முற்றத்தில் விரித்து, தோப்பிலிருந்து வந்த தேங்காயை உடைத்துக் கொப்பரைக்குக் காயவைத்தாள். மூஸா ஓடி வந்தார்.

“என்னம்மா பண்றே? மழை பெஞ்சா ஒழுகுற கொட்டகை இது. வண்டி நனைஞ்சிடும்!”

“நனையட்டும். எம்புள்ளை நனைஞ்சா, அது நனையக் கூடாதா?”

தெருவே கேட்கும்படி சொன்னாள். அன்றிலிருந்துதான் அவளுக்கு அந்தப் பெயர்.

அடுத்த மாதமே பட்டுக்கோட்டைக்குப் பஸ்ஸில் போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொண்டாள். தங்கமணி என்றொரு பெண் அங்கே டிரைவிங் ஸ்கூல் வைத்திருந்தாள். லைசென்ஸ் கைக்கு வந்ததும் குவைத்துக்குப் பேசிச் சாவி கேட்டாள்.

“பொம்பளை ஓட்டிப் பழகுறதுக்கா அந்த வண்டி?” என்றார் ஜெய்னுலாபுதீன். “நான் வர்ற வரைக்கும் அதுபாட்டுக்கு நிக்கட்டும்.”

நின்றது. அவளுக்கு மட்டும்தான் நின்றது; மூஸா எடுத்துப் போய், நாகூர் ரோட்டில் ஒரு டிராக்டரில் முட்டினார். முன்பக்கம் நசுங்கி, உள்ளே ஏதோ உடைந்துபோயிற்று. அது கம்பெனியிலிருந்துதான் வரவேண்டும் என்றார் தஞ்சாவூர் மெக்கானிக். கம்பெனியோ கடனில் முங்கி, இந்தியாவிலிருந்து கடையைக் கட்டிக்கொண்டிருந்தது. திருச்சியில் அவர்கள் கார் விற்ற கண்ணாடிக் கட்டடத்தில் இப்போது டைல்ஸ் விற்றார்கள். லாரியில் ஏற்றி வந்து காரைப் பழைய இடத்திலேயே தள்ளினார்கள். அன்றைக்கு மூஸா சாவியை அவளிடம் நீட்டினார்.

“இந்தா, நீயே வச்சுக்கம்மா.”

“ஓடுறப்ப உங்ககிட்ட, ஓடாதப்ப எங்கிட்டயா?” என்றாள். சாவியை வாங்கவில்லை. மூஸா அதைச் சன்னல் திண்டில் வைத்துவிட்டுப் போனார்.

காரை விற்கலாமென்றால் அது அவள் பேரில் இல்லை. ஆனால் தோப்பில் அவள் பங்கு அவள் பேரில் இருந்தது. வியாபாரி சொன்ன விலைக்குத் தேங்காயை ஏற்றிவிட்டுக் கைகட்டி நிற்பது அவளுக்கு அலுத்துவிட்டது. உள்நாட்டுக் கம்பெனி ஒன்று அப்போது சின்ன லோடு வண்டி விட்டிருந்தது. ஊர்க்காரர்கள் அதைக் குட்டியானை என்றார்கள். நகையை வைத்து அவள் ஒன்று எடுத்தாள். புர்காவோடு ஸ்டியரிங் பிடித்துப் பட்டுக்கோட்டை மண்டிக்குத் தானே தேங்காய் ஏற்றிப் போனாள். பக்கத்துத் தோப்புக்காரர்களும் அவளிடமே லோடு கொடுத்தார்கள்.

சேதி குவைத்துக்குப் போக ஒருநாள் போதுமாக இருந்தது. அப்போது செல்போன் வந்துவிட்டது.

“லோடு வண்டியா?” என்று கத்தினார் ஜெய்னுலாபுதீன். “என் வீட்டுப் பொம்பளை லோடு வண்டி ஓட்டுறாளாம். நான் ஊர்ல எப்படித் தலைகாட்டுறது? வீட்டுல காரு நிக்கிதுடி!”

“நிக்கிது. நின்னுக்கிட்டேதான் இருக்கு.”

“என் மானத்தை வாங்குறே.”

“நீங்க அங்க ஓட்டுறது யாரு வண்டி, மச்சான்?”

ஜெய்னுலாபுதீன் போனை வைத்துவிட்டார்.

அவளுக்குத் தெரியும். அரபியின் குடும்பம் ஓட்டலுக்குள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஏசியை நிறுத்திவிட்டு அந்தத் தணலில் காரைத் துடைத்துக்கொண்டு நிற்பதை ஒரு லீவில் அவரே சொல்லியிருக்கிறார். தன் வண்டி என்று ஒன்றில் ஏறி உட்கார வேண்டும் என்ற ஆசையில்தான் அந்தக் காரை வாங்கினார் என்பதும் தெரியும். தெரிந்தேதான் அடித்தாள். வார்த்தை போய்ச் சேர்ந்ததும் நெஞ்சு சுருக்கென்றது. ஆனால் திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு மனுஷனின் ஆசைக்குத் தன் பிள்ளை ஆட்டோவில் துடித்தாளே என்கிற நினைப்பு அந்தச் சுருக்கை அமுக்கிவிட்டது.

சில வருஷம் கழித்து அரபி வீட்டில் அவருக்கு வயசாகிவிட்டதென்று அனுப்பிவிட்டார்கள். ஜெய்னுலாபுதீன் ஒரேயடியாக ஊருக்கு வந்தார். வந்த மறுநாளே, லீவுகளில் தள்ளிப்போட்டு வந்த காரைச் சரிபண்ணக் கொட்டகைக்குப் போனார். கடல்காற்றில் கதவின் அடிப்பக்கம் துருப்பிடித்து உதிர்ந்தது. எலி வயரைக் கடித்திருந்தது. யார் யாரையோ கூட்டிவந்தார். சாமான் கிடைக்காது என்று எல்லாரும் ஒரே பதிலைச் சொன்னார்கள். அவர் லத்தீஃபாவோடு அதிகம் பேசுவதில்லை. குட்டியானை வாசலில் நின்றால் பின்வாசல் வழியாகப் போவார்.

பஸ் ஓடாத ஒருநாள் பட்டுக்கோட்டையில் சுகர் டாக்டரைப் பார்க்க வேண்டியிருந்தது. வேறு வழியில்லாமல் தேங்காய் லோடோடு கிளம்பிய குட்டியானையில் ஏறி அவள் பக்கத்தில் உட்கார்ந்தார். தம்பிக்கோட்டை தாண்டும்வரை பொறுத்தார். பிறகு, “கிளட்ச்ச முழுசா மிதி. கியரைப் பாத்துப் போடு” என்றார்.

லத்தீஃபா வண்டியை ஓரங்கட்டி நிறுத்தினாள்.

“இந்த வண்டியில எனக்கு யாரும் சொல்லக் கூடாது. சொல்லணும்னா எறங்கிக்கங்க.”

அவர் ரோட்டைப் பார்த்தார். இறங்கவில்லை.

மண்டியில் புதிதாகச் சேர்ந்திருந்த சுமைதூக்குகிற ஆள் அவரைப் பார்த்து, “டிரைவரண்ணே, வண்டியை ரிவர்ஸ்ல வுடுங்க” என்று குரல் கொடுத்தான். பழக்க தோஷத்தில் அவர் கை ஸ்டியரிங் பக்கம் நீண்டது. அதற்குள் லத்தீஃபா வண்டியைப் பின்னால் எடுத்து, தேங்காய்க் குவியலுக்குப் பக்கத்தில் ஒட்டி நிறுத்தியிருந்தாள்.

திரும்பி வரும்போது அவராகவே பேசினார்.

“அந்தக் காரை எடைக்குப் போட்டுறலாமா?”

“உங்க பேர்ல இருக்கு. நீங்கதான் சொல்லணும்.”

“அன்னிக்கு... ஆஷிகாவுக்கு முடியாம போனப்ப... காக்கா எடுத்திருக்கணும். நானும் அப்படிக் கேட்டிருக்கக் கூடாது.”

எத்தனையோ வருஷமாக அவள் எதிர்பார்த்த வார்த்தை. வந்தால் மனசு குளிர்ந்துவிடும் என்று நினைத்திருந்தாள். குளிரவில்லை. “இப்ப வந்து சொல்றீங்க” என்றாள்.

அடுத்த வாரம் பழைய இரும்புக்காரன் காரைக் கட்டி இழுத்துப்போனான். ஜெய்னுலாபுதீன் வெளியே வரவில்லை. லத்தீஃபா கொட்டகையைக் கூட்டி, அன்று சாயங்காலமே தேங்காயைக் கொட்டினாள். பிற்பாடு அவர் இடம்மாறி உட்கார்ந்து குட்டியானையை ஓட்டவும் செய்தார், அவள் சொல்கிற நாளில், அவள் சொல்கிற ஊருக்கு. கோபம் போச்சா என்று ஆஷிகா ஒருமுறை கேட்டாள்.

“எதுக்குப் போவணும்? அது இருந்ததாலதான் வண்டி ஓட்டுறேன்” என்றாள் லத்தீஃபா.