ரோஜாவுக்குப் பக்கத்தில் அவரைக்கொடி

எனக்கு எழுபத்தாறு வயது. என் வயிற்றில் பிறந்தது நான்கு, கொழுந்தனார் விட்டுப்போன பெண் ஒன்று, ஆக ஐந்து பேரை வளர்த்தேன். ஒருத்தரையும் பசியோடு படுக்க வைத்ததில்லை. எழுத்துக் கூட்டிப் படிப்பேன், எழுதத்தான் வராது. நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள்.

குருபரப்பள்ளிப் பக்கம் எங்கள் கேழ்வரகுக் கொல்லையில் நடுநடுவே ஒரு வரிசை அவரை போடுவோம். கேழ்வரகை அறுத்த பிறகு கொல்லை முழுக்க அவரைதான் படர்ந்து கிடக்கும். மார்கழிப் பனி இறங்க இறங்க அதற்கு வாசம் ஏறும். காய் பறித்த கையைச் சோப்புப் போட்டுக் கழுவினாலும் போகாது, போக வேண்டாம் என்றுதான் இருக்கும். கொட்டையை ஊறவைத்து விரலால் பிதுக்கினால் தோல் கையில் நிற்கும், பருப்பு துள்ளி ஓடும். பிள்ளைகள் அதை ஒருத்தர் முகத்தில் ஒருத்தர் அடித்து விளையாடும். அதில் மூத்தவன்தான் மோசம். மிஞ்சியதில் குழம்பு வைப்பேன். களிக்கு அதைவிட ஒன்றும் வேண்டாம்.

வீட்டுக்காரர் போன பிறகு கொல்லையை விற்றோம். ஓசூரில் மூத்தவன் கட்டிய வீட்டுக்கு வந்தபோது, அந்த அவரை விதையை மட்டும் சாம்பலில் புரட்டித் துணியில் முடிந்து எடுத்துவந்தேன். பூவும் ஊதா, காயும் ஊதா. அந்த ரகம் கடையில் கிடைக்காது. விதையும் பழசாகிக்கொண்டு வந்தது. அந்த ஆடியில் ஊன்றாவிட்டால் அதோடு முடிந்தது.

ஆனால் வீட்டைச் சுற்றிலும் சிமெண்டு. கேட்டை ஒட்டி, பாய் அகலத்துக்கு மட்டும் மண் விட்டிருந்தார்கள். அதில் மருமகள் நர்சரியிலிருந்து ரோஜாவும் குரோட்டன்சும் வாங்கி வைத்திருந்தாள். அவளும் கம்பெனியில் ஷிப்டு வேலை பார்க்கிறவள்.

"அத்த, வாசல்ல பூச்செடி மட்டும்தான். கீரையும் காயும் வெச்சா காட்டுவேலக்காரங்க வீடுன்னு சொல்லுவாங்க."

"காட்டுவேல செஞ்சுதாம்மா உன் புருஷன டிப்ளமா படிக்க வெச்சேன்."

"நானும் கள எடுத்துட்டுத்தான் ஸ்கூலுக்குப் போனேன் அத்த. அதனாலதான் சொல்றேன்."

"பூச்செடி மாதிரியே வெச்சா?" என்று கேட்டேன்.

"பாக்க அழகா இருந்தா இருக்கட்டும். இல்லன்னா புடுங்கிடுவேன்."

கரை ஓரமாகப் புதினா வைத்தேன். அதற்குப் பின்னால் சிவப்புத் தண்டுக்கீரை. ரோஜாவுக்கு இடையில் வானம் பார்த்துக் காய்க்கும் மிளகாய், அதை அடுத்து மஞ்சள் பூவுக்காக வெண்டை. கடைசியில், பக்கத்து வீட்டு மதில் ஓரம் கம்பி கட்டி, முடிச்சிலிருந்த அவரை அத்தனையும் ஊன்றினேன். மூன்றே கொடிதான் முளைத்தது.

கார்த்திகையில் அந்த இடத்தைப் பார்க்க வேண்டுமே! கம்பெனி பஸ்ஸில் வரும் பெண்கள் இறங்கி நின்று போட்டோ எடுத்தார்கள். "அக்கா, இந்த ஊதாப் பூ எந்த நர்சரி?" என்று ஒருத்தி கேட்டாள். "நர்சரியா? எங்க அத்த ஊர்லருந்து கொண்டாந்தது" என்றாள் மருமகள். நான் ஜன்னலுக்குப் பின்னால் நின்று கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

அதன்பிறகு என்னையே பறிக்க விடவில்லை. "கைய வெக்காதீங்க அத்த, அழகே போயிடும்." குழம்பு ஆசையை அடக்கிக்கொண்டேன். காய் கொடியிலேயே காய்ந்தால்தானே விதை?

பறித்தது பக்கத்து வீட்டு அம்மாள். கன்னடக்காரர். கொடி மதிலைத் தாண்டி அவர் பக்கம் இறங்கியிருந்தது.

"ஏம்மா, எங்க கொடியில கைய வெக்கற?"

"கொடி உங்க கொடி, செவுரு நம்ம செவுரு அம்மா. ஏறினதுக்கு வாடகை!"

அன்றோடு அவரிடம் பேச்சை நிறுத்தினேன்.

போகிக்கு முந்தின நாள் கிருஷ்ணகிரியில் இருக்கும் மகளுக்குப் பொங்கல் சீர் கொடுக்கப் போனேன். மறுநாள் மதியம் திரும்பினால், கம்பி வெறுமனே நிற்கிறது. அவரை இருந்த இடத்தைச் சுத்தமாகக் கூட்டி, செவ்வந்தித் தொட்டிகளை வரிசையாக வைத்திருந்தான் மகன். பழைய பாயோடு கொடியையும் போகித் தீயில் போட்டுவிட்டானாம்.

"காஞ்சுபோயி அசிங்கமா இருந்துச்சும்மா. நாளைக்கு வீட்டுக்கு ஆளுங்க வர்றாங்க இல்ல?"

படியில் உட்கார்ந்தேன். அப்போதுதான் ஷிப்டு முடிந்து மருமகள் வந்தாள். கம்பியைப் பார்த்தாள், பையைக் கீழே போட்டாள்.

"என்னாங்க, விதைக்கு விட்டத யாராச்சும் எரிப்பாங்களா? அதுக்குன்னுதான நானும் தொடாம வெச்சிருந்தேன்!"

அவள் மனதில் அப்படி இருந்தது எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. எக்கி மதிலுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். அறுபட்ட கொடி அங்கே கொஞ்சம் தொங்கிக்கொண்டிருந்தது. "நான் போயி கேக்கட்டா அத்த?" என்றாள்.

ஐந்து பேரை வளர்த்த காலத்தில் பக்கத்து வீட்டில் ஒரு பிடி உப்புக்கூடக் கேட்டவள் இல்லை நான். ஆனாலும் விதை என்னுடையது. நானே போனேன்.

"வாடகைச் சண்டைக்கு வந்தீங்களா அம்மா?"

"விதை கேக்க வந்தேன்மா. எங்க பக்கம் எல்லாம் எரிஞ்சுபோச்சு."

அவர் உள்ளே போய் முறத்தோடு வந்தார். காய்ந்த காயைப் பறித்து உரித்து வைத்திருந்தார். "ஆனேக்கல்ல எங்க அம்மா ஊட்டுக்கு எடுத்துப் போகலாம்னு வெச்சேன். ஆளுக்குப் பாதி."

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஆடியிலும் மதிலின் இரண்டு பக்கமும் ஊன்றுகிறோம். மார்கழியில் அவர் வீட்டு அரிசி ரொட்டி இந்தப் பக்கம் வரும், என் குழம்பு அந்தப் பக்கம் போகும். ரோஜாவும் நன்றாகத்தான் பூக்கிறது.

கண்ணு, எழுதினதை முதலிலிருந்து படி, கேட்கிறேன். உங்க அப்பன் கொடியைப் பிடுங்கின இடத்தை மட்டும் சத்தமாகப் படி. உள்ளேதான் இருக்கிறான்.