ஓட்டை போட்ட பாலாடை

தேவகி அம்மாவின் மகள் புவனா தொலைபேசியில் அழைத்தபோது நான் சித்தூரில், என் வீட்டு வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தேன். தேவகி அம்மாவைப் பார்க்கத்தான் திருப்பதிக்குக் கிளம்பியிருந்தேன். அவர் திரவம் தொட்டுவைக்கும் கண்ணாடிக் குச்சியின் முனை உடைந்துவிட்டது என்று சொல்லியிருந்தார். புதிதாக ஒன்றை வாங்கி, துணியில் சுற்றிப் பையில் வைத்திருந்தேன்.

"அம்மா போய்ட்டாங்க சார்" என்றாள் புவனா.

நான் கேட்ட முதல் கேள்வியை நினைத்தால் இப்போதும் கூசுகிறது. "மூச்சுத் திணறலா?" என்று கேட்டேன்.

"இல்ல சார், ஹார்ட்டு. காபி குடிச்சிக்கினே இருந்தாங்க. அப்படியே சாஞ்சிட்டாங்க."

அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். துக்கம் சற்றுப் பிறகுதான் வந்தது. அதற்கு முன்னால் வந்தது, பயம் விலகியதால் உண்டான ஒரு தளர்ச்சி. அவர் நாளெல்லாம் சுவாசித்த காற்றில் கேமராக்களைத் துடைக்க நான் தேர்ந்தெடுத்துக் கொடுத்த திரவங்களின் ஆவியும் கலந்திருந்தது. அது ஒருநாள் அவர் நெஞ்சைப் பிடித்துவிடுமோ என்று எத்தனையோ முறை பயந்திருக்கிறேன். அவர் கடையில் உட்காரும்போதெல்லாம் ஜன்னல் திறந்திருக்கிறதா என்று பார்ப்பேன். "தொறந்துதான் இருக்குது சார், ஒக்காருங்க" என்பார், தலை நிமிராமலே.

பழைய கேமராவைத் தூக்கிக்கொண்டு திருப்பதி ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் அந்தச் சந்துக்குப் போனவர்களுக்கு அவரைப் பற்றி நான் அதிகம் சொல்ல வேண்டியதில்லை. முன்னறை கடை, பின்னறை வீடு, நடுவில் நகரி ஊர்த் தறியில் நெய்த ஒரு பழைய புடவைத் திரை. கணவர் நடத்திய போட்டோ ஸ்டூடியோ அவர் சாவோடு முடிந்துபோக, தேவகி அம்மா ரிப்பேர் வேலையைத் தொடர்ந்தார். நான் கல்லூரியில் வேதியியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவன். ஷட்டர் ஒட்டிக்கொண்ட என் மடக்குக் கேமராவோடு அவரிடம் போனவன், அதன் பிறகு போவதை நிறுத்தவில்லை.

முதல் நாளே ஒரு சம்பவம். என் கேமராவைத் திறந்து பார்த்துவிட்டு, அலமாரியின் அடித்தட்டிலிருந்து ஒரு பழுப்புப் புட்டியை எடுத்தார். கணவர் காலத்தில் பிலிம் துடைக்க வாங்கியதாம். அவர் மூடியைத் திருகியதும் அந்த இனிப்பான வாசனை வந்தது. அது கார்பன் டெட்ராகுளோரைடு. ஈரலையும் சிறுநீரகத்தையும் சத்தமில்லாமல் கெடுக்கக்கூடியது. நான் பொது இடத்தில் குரலை உயர்த்துகிறவன் அல்ல. ஆனால் என்னையறியாமல் நாற்காலியிலிருந்து எழுந்து, சுவர்வரை பின்வாங்கிவிட்டேன்.

"என்னா சார், பாம்பா?" என்றார்.

"தயவுசெய்து மூடிவிடுங்கள்" என்றேன்.

மூடினார். காரணத்தைத் தட்டுத் தடுமாறிச் சொன்னேன். சிரிப்பார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை. "இங்க வர்றவனுங்க எல்லாம் பெரிய தைரியசாலிங்க சார். ஒருத்தன் பெட்ரோலே போதும்ங்கறான். ஒருத்தன் பொண்டாட்டியோட நெயில் பாலிஷ் ரிமூவரை எடுத்துக்கினு வர்றான். பயப்படறவங்க ஒருத்தரத்தான் தேடிக்கினு இருந்தேன்" என்றார்.

அன்றிலிருந்து எந்த வேலைக்கு எந்தத் திரவம் என்று சொல்வது என் பொறுப்பாயிற்று. இறுகிப்போன கிரீஸுக்கு வெள்ளைப் பெட்ரோல். கண்ணாடிக்கு ஐசோபுரொப்பைல் ஆல்கஹால், அதுவும் முதலில் லென்ஸின் ஓரத்தில் மட்டும். அசிட்டோன் என்றால் பிளாஸ்டிக் இருக்கும் பக்கமே போகக் கூடாது. நான் சொன்னதை அவர் அப்படியே நம்பிவிடவும் மாட்டார். கேமராவின் உள்பக்கம், யார் கண்ணிலும் படாத ஓர் இடத்தில் ஒரு துளி வைத்துப் பார்ப்பார். "சார், உங்க பயம் தீந்துச்சா? இன்னும் இருக்குதா?" என்று கேட்பார். இருக்கிறது என்று நான் சொன்னால் அன்று அந்தக் கேமராவைத் தொடமாட்டார். என் பயத்தைக் கேட்டு நடந்தவர் என் வாழ்க்கையில் அவர் ஒருவர்தான்.

ஆரம்பத்தில், மருந்துக்கடையில் விற்கும் ரப்பர் சொட்டுக்குழலால்தான் திரவத்தை எடுத்து விடுவார். துடைத்த பிறகும் ஷட்டர் தகடுகளில் பிசுக்கு படிந்தது. வெள்ளைப் பெட்ரோலில் ரப்பர் ஊறிக் கரைகிறது என்பதைக் கண்டுபிடிக்க எனக்குச் சில நாட்கள் ஆயின. அதைச் சொன்ன பிறகு நான் போனபோது, மேசைமேல் ஒரு எவர்சில்வர் பாலாடை இருந்தது. புவனா கைக்குழந்தையாக இருந்தபோது பால் புகட்டியது. ரப்பர் கிடையாது, மூக்கு வழியே ஒவ்வொரு துளியாக விழும். தேவையானதைப் புட்டியிலிருந்து அதில் ஊற்றிக்கொள்வார். மிஞ்சியதைத் திரும்பப் புட்டியில் ஊற்றவே மாட்டார். "வெளிய வந்தது வெளியவே போவட்டும். உள்ள போனா நல்லதையும் கெடுத்துடும்" என்பார்.

"இது குழந்தைக்கான பாத்திரம் அல்லவா?" என்றேன்.

"இந்தக் கடையில கொழந்த எங்க சார் கீது? எல்லாம் அறுபது வயசு கேமராங்க."

அப்படியானால் ஓர் அடையாளமாவது இருக்கட்டும், சிவப்பாக ஏதாவது கட்டுங்கள் என்றேன். சோதனைச்சாலையில் சிவப்பு என்றால் அபாயம். அவர் மறுபேச்சில்லாமல், மலையடிவாரத்தில் வாங்கிய சிவப்புக் கயிறு ஒன்றை எடுத்துப் பாலாடையின் மூக்கைச் சுற்றிக் கட்டினார். எனக்குக் கொஞ்சம் நிம்மதியாயிற்று.

பலமனேரில் வாழ்க்கைப்பட்டிருந்த புவனா பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள். குறைமாதத்தில் பிறந்த குழந்தைக்கு உறிஞ்சப் பலமில்லை. பாலாடையில் புகட்டச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பியிருந்தார்கள். அதற்குப் புதிதாக ஒரு பாலாடை வாங்கியிருந்தார்கள். ஒரு பிற்பகல் நான் கடையில் இருந்தேன். தேவகி அம்மா மேசைக்கடியில் குனிந்து, உருண்டோடிய ஒரு திருகாணியைத் தேடிக்கொண்டிருந்தார். திரைக்குப் பின்னாலிருந்து புவனாவின் குரல் வந்தது.

"அம்மா, நம்ம பாலாடை அடுப்புல வெந்நீர்ல கொதிக்குது. நீ கொழந்தைக்குன்னு சாமி கயிறு கட்டி வெச்சிருந்தியே, அத எடுத்துக்கினேன்!"

மேசையைப் பார்த்தேன். பாலாடை இருந்த இடம் காலியாக இருந்தது. அவள் எப்போது வந்து எடுத்துப்போனாள் என்று நான் கவனிக்கவில்லை.

அந்த ஊரில் சிவப்புக் கயிறு என்றால் பெருமாள் கயிறு. காவலுக்குக் கட்டுவது. அபாயம் என்று நான் கட்டச் சொன்னதைப் பிள்ளை பெற்றவள் காப்பு என்று புரிந்துகொண்டிருந்தாள். இது எனக்கு விளங்கியதும் கத்த வாய் திறந்தேன். சத்தம் வரவில்லை. கால்களும் வரவில்லை. நிமிர்ந்த தேவகி அம்மா என் முகத்தைப் பார்த்தார். என்னவென்று கேட்கவில்லை. நான் பார்த்துக்கொண்டிருந்த வெற்றிடத்தைப் பார்த்தார். அடுத்த கணம் திரை அறுந்து விழுந்தது.

குழந்தையின் உதட்டருகே இருந்த பாலாடையை அவர் தட்டிவிட்டதில் பால் சுவரெல்லாம் தெறித்தது. "பைத்தியமா உனக்கு?" என்று புவனா கத்தினாள். காரணம் தெரிந்ததும் அவள் குழந்தையை மார்போடு அணைத்துக்கொண்டு, "எங்கள கொல்லப் பாத்தியா? உன் கேமராங்கள எடுத்துக்கினு போயி ஏரில போடு!" என்று அழுதாள். பாலாடையை அவள் தண்ணீரில் அலசியிருந்தாள். ஒரு துளி உள்ளே போயிருக்குமா என்று யாருக்கும் தெரியவில்லை. வெள்ளைப் பெட்ரோல் வயிற்றைவிட நுரையீரலுக்குத்தான் எமன் என்பது எனக்குத் தெரிந்திருந்தது. வாந்தி எடுக்கவைக்கக் கூடாது என்று மட்டும் என்னால் சொல்ல முடிந்தது. ஆஸ்பத்திரியில் பொழுது சாயும்வரை குழந்தையின் நெஞ்சு ஏறி இறங்குவதையே மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது இருமியபோதெல்லாம் நான் எழுந்து நின்றேன். ஒன்றுமில்லை, தாய்ப்பால் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன பிறகுதான் தேவகி அம்மா தண்ணீர் குடித்தார்.

"என் வாயிலிருந்து ஒரு வார்த்தை வரவில்லையே அம்மா" என்றேன்.

"வார்த்த எதுக்கு சார்? உங்க மூஞ்சியே கத்துச்சு" என்றார்.

அவர் என்னைத் தேற்றுவதற்காகச் சொன்னாரா, உண்மையிலேயே அப்படித்தானா, எனக்கு இன்றுவரை நிச்சயமில்லை. மறுமுறை நான் போனபோது பாலாடையின் அடியில் துளை போட்டிருந்தார். "இனிமே இதுல பாலும் நிக்காது, பெட்ரோலும் நிக்காது" என்று சொல்லி ஆணியில் மாட்டினார். அதற்குப் பிறகு கண்ணாடிக் குச்சியின் முனையில் தொட்டுத்தான் துளி வைத்தார்.

அந்தக் குழந்தை இப்போது பள்ளிக்கூடம் போகிறான். பாட்டியின் காரியத்தன்று வந்தவர்களுக்கெல்லாம் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். அவன் நீட்டிய டம்ளரை வாங்கிய நான், என்னையறியாமல் அதை மோந்து பார்த்தேன். புவனா அதைப் பார்த்துவிட்டாள். அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்தது. புறப்படும்போது ஆணியிலிருந்த பாலாடையைக் கழற்றி என் கையில் கொடுத்தாள். "இத நீங்க வெச்சிக்கோங்க சார். எங்க வூட்ல இருந்தா எனக்குப் பயம்" என்றாள். எனக்கும் பயம்தான். வாங்கிக்கொண்டேன். துணியில் சுற்றி எடுத்துப்போன கண்ணாடிக் குச்சி, கொடுப்பதற்கு ஆளில்லாமல் என்னோடு திரும்பி வந்தது.

பாலாடை இப்போது என் அறைச் சுவரில் தொங்குகிறது. என் பேத்தி அடுத்த மாதம் பிரசவத்துக்கு எங்கள் வீட்டுக்கு வருகிறாள். போன வாரம் என் மனைவி அதைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்த்தாள். "கெட்டியான எவர்சில்வர். இந்தத் துளைய மட்டும் அடைச்சிக்கினா நம்ம கொழந்தைக்கு ஆவும்" என்றாள்.

"வேண்டாம்! கீழே வை!" என்றேன்.

தெருவில் போனவர்கள் நின்று எட்டிப் பார்த்தார்கள். மனைவி பாலாடையை நழுவவிட்டுவிட்டாள். "என்னத்துக்கு இப்படிக் கத்தறீங்க? இத்தன வருசத்துல இந்தச் சத்தத்த நான் கேட்டதே இல்லியே" என்றாள்.

தேவகி அம்மாவிடமிருந்து எனக்கு மிஞ்சியது அந்தப் பாலாடையும், அன்று வராத இந்தச் சத்தமும்தான். பாலாடையைக் குனிந்து எடுத்து, துளை அப்படியே இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, மறுபடியும் ஆணியில் மாட்டினேன்.