சும்மா விடவேண்டிய காணி

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்தில் உருத்திரமூர்த்திக்குக் கிடைத்த வேலையை ஊரிலிருக்கும் ஒருவருக்கும் என்னால் விளங்கப்படுத்த முடிந்ததில்லை. நகரத்துக்கு மேலே, ஓடையின் இரண்டு கரையிலும் இருந்த வயல்களை ஓர் இயற்கைக் காப்பு அறக்கட்டளை வாங்கி வைத்திருந்தது. மழைத்தண்ணீர் அங்கேயே பரந்து, புல்லிலும் புதர்ப் பத்தையிலும் விழுந்த மரங்களிலும் தட்டுப்பட்டு, அவசரமில்லாமல் ஆறுதலாக நகரத்துக்கு இறங்க வேண்டும் என்பது அவர்களுடைய திட்டம். அந்தக் காணிக்கு மூர்த்திதான் பராமரிப்பாளன். குப்பை பொறுக்குவான். யாராவது உடைந்த சோபாவைக் கொண்டுவந்து போட்டால் அறிவிப்பான். மற்றபடி எதையும் தொடக்கூடாது. விடிந்தால் முற்றம் கூட்டாத வீட்டை மனிதர் வாழும் வீடாகவே மதிக்காத யாழ்ப்பாணத்து ஆளுக்கு, இதைவிடப் பெரிய தண்டனையை எந்த நீதிமன்றமும் கொடுத்திருக்காது.

“அண்ணை, அந்தக் காஞ்சோண்டிப் பத்தையைப் பார்க்கப் பார்க்க, வெட்டச்சொல்லி எனக்குக் கை துருதுருக்குது” என்று என்னிடம் வந்து புலம்புவான்.

அறக்கட்டளையின் பொறுப்பாளரான பெண்மணி ஃபிரவ் பிறிங்மன் பொறுமைசாலி. ஓடைக்குக் குறுக்கே விழுந்து கிடக்கும் மரத்தைக் காட்டி, “கிடப்பது மரத்தின் வேலை, கிடக்கவிடுவது உங்கள் வேலை” என்று அவனுக்குப் பலமுறை சொல்லியிருந்தார். மூர்த்தியும் தலையாட்டுவான். ஆனால் ஒரு சொல்லையும் அவன் நம்பவில்லை.

தொண்ணூற்றாறாம் ஆண்டுக் கோடையில் நான் அவனுக்குக் கலியாணம் பேசினேன். பெண் வேதவல்லி, முதியோர் இல்லமொன்றில் வேலை செய்பவள். அவளை ஒரு பிறந்தநாள் விழாவில் கண்ட நாளிலிருந்து, கறிக்கு உப்பில்லை என்பதுகூடத் தெரியாமல் சாப்பிடும் நிலைக்கு மூர்த்தி வந்திருந்தான். அவளுக்கும் பிடித்துத்தான் இருந்தது. முடிவு சொல்ல வேண்டியவர் அவளுடைய அண்ணன் பரராசசிங்கம். அதே ஓடை நகரத்துக்குள் நுழையும் இடத்தில், ஒரு மாடிக் குடியிருப்பில் தங்கையோடு இருந்தார். கலியாணம் பேசுகிறவன் கொஞ்சம் கூட்டிச் சொல்லாவிட்டால் அவனுக்கு என்ன மரியாதை? “இருபது ஏக்கர் காணி பெடியன்ர பொறுப்பில” என்றேன்.

“அப்ப ஞாயிற்றுக்கிழமை வந்து காணியைப் பார்ப்பம்” என்றார் அவர்.

மூர்த்திக்கு வியர்த்துவிட்டது. “பத்தை பிடிச்சுக் கிடக்கிற காணியைப் பார்த்தால் என்ன நினைப்பார்? சோம்பேறிக்கு ஆர் அண்ணை பொம்பிளை குடுப்பினம்?”

ஃபிரவ் பிறிங்மன் அப்போது விடுமுறையில் இருந்தார். மூர்த்தி கத்தியோடு இறங்கினான். சனிக்கிழமை மாலை நான் போய்ப் பார்த்தபோது ஓடைக்கரை புதிதாகச் சவரம் செய்த முகம்போல இருந்தது. குறுக்கே கிடந்த மரம் துண்டு துண்டாகியிருந்தது. வெட்டிய கிளைகளை அளவாக அடுக்கி, தான் இடுப்பில் உடுத்தும் பழைய சாரமொன்றைக் கிழித்து, கட்டுக்கட்டாகக் கட்டிக் கரையோரம் குவித்திருந்தான். அவ்வளவு வடிவான விறகுக் கட்டுகளை நான் ஜெர்மனியில் கண்டதில்லை.

அன்றிரவு அடித்து ஊற்றியது.

காலையில் பரராசசிங்கத்தைக் கூட்டிப்போக நானும் மூர்த்தியும் போனோம். மூர்த்தி கழுத்துப்பட்டி கட்டியிருந்தான். குடியிருப்பின் அடியிலிருந்த கெல்லர் என்ற நிலவறைக்குள் முழங்கால் அளவு தண்ணீர். அரிசி மூட்டைகள் நனைந்து பருத்திருந்தன, மிளகாய்த்தூள் வாளி மிதந்துகொண்டிருந்தது. வேதவல்லி தண்ணீரை அள்ளி அள்ளி வெளியே ஊற்றிக்கொண்டிருந்தாள். வீட்டுக்குப் பக்கத்து மதகை எதுவோ அடைத்து, ஓடை ஏறி உள்ளே வந்துவிட்டதாம். தீயணைப்புப் படையினர் அடைப்பை இழுத்து வெளியே போட்டிருந்தார்கள். எல்லாம் விறகுக் கட்டுகள்.

பரராசசிங்கம் நீலக் கோடுபோட்ட சாரத் துண்டு ஒன்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். “வெள்ளைக்காரன் விறகைச் சாரத்தால கட்டமாட்டான். இது எங்கட ஆள் ஒருத்தன்ர வேலை. அது ஆரெண்டும் எனக்குத் தெரியும்.”

மூன்றாம் மாடியிலிருந்த மன்னார் ஜேசுரட்ணத்தைத்தான் சொன்னார். இறைச்சி வாட்டுவதற்கென்று அந்த மனிதரின் பல்கனியில் எப்போதும் விறகு கட்டிக் கிடக்கும். பரராசசிங்கம் படியேறத் தொடங்கினார். நான் மூர்த்தியின் முழங்கையைக் கிள்ளினேன். வாயைப் பொத்திக்கொண்டு நில் என்பதை இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்வது?

“அண்ணை, நில்லுங்கோ” என்றான் அந்த மடையன். “அது என்ர சாரம்.”

பிறகு எல்லாவற்றையும் சொன்னான். மரத்தை வெட்டியதையும், வெட்டக்கூடாது என்று அறக்கட்டளைக்காரர் சொல்லியிருந்ததையும், காணி வடிவாக இருக்கவேண்டுமே என்று தானாகச் செய்ததையும். “நாளைக்கு ஃபிரவ் பிறிங்மனுக்கும் சொல்லப்போறன். வேலை போனாலும் போகும்.”

பரராசசிங்கம் ஏறிய படிகளில் திரும்ப இறங்கி வந்தார். என்னைத்தான் பார்த்தார். “இருபது ஏக்கர்! இப்ப வேலையும் இல்லாத ஆளுக்கோ என்ர தங்கச்சியைக் கேட்டு வந்தனீர்? கூட்டிக்கொண்டு போம்!”

மூர்த்தி என்னைப் பார்க்கவில்லை, வேதவல்லியையும் பார்க்கவில்லை. சப்பாத்தோடு தண்ணீருக்குள் இறங்கி, ஓர் அரிசி மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தான். அவனுடைய கண் கலங்கியிருந்தது.

அவன் மூன்றாவது மூட்டையைத் தூக்கும்போது வேதவல்லி வாளியைக் கீழே வைத்தாள்.

“ஜேசுரட்ணம் அண்ணையில பழி விழட்டும் எண்டு பேசாமல் நிண்டிருக்கலாமே?” என்று கேட்டாள்.

“நிண்டிருக்கலாம்” என்றான் மூர்த்தி, மூட்டையைச் சுமந்தபடியே.

அவள் தமையனைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு எல்லோருக்கும் கேட்கும்படியாகச் சொன்னாள்.

“வேலை இருந்தாலும் சரி, போனாலும் சரி, வாற ஞாயிறு நான் அந்தக் காணியைப் பார்க்க வாறன். மிச்சத்தையாவது வெட்டாமல் வையுங்கோ.”