நான் வேகம் கூட்டிய பாட்டு

மேடையில் ஒரு பாட்டு தொடங்குவதற்கு முன் நான் இரண்டு குச்சிகளையும் ஒன்றோடொன்று நான்கு முறை தட்டுவேன். கீபோர்டு, கிடார், பாடுகிறவர்கள் எல்லாரும் அந்த நான்கு தட்டைப் பிடித்துக்கொண்டுதான் உள்ளே வருவார்கள். பாட்டு என்ன வேகத்தில் போகும் என்பது அங்கேயே முடிவாகிவிடும். கூட்டத்தில் யாரும் அதைக் கவனிப்பதில்லை. நான் வாய் திறந்து எதையும் முடிவு செய்கிற ஆள் இல்லை. டீக்கடையில் சர்க்கரை குறைவாகப் போடச் சொல்வதற்குக்கூட எனக்குக் கூச்சம். கொடுத்ததைக் குடித்துவிட்டு வந்துவிடுவேன். அந்த நான்கு தட்டு மட்டும்தான் என்னுடையது. அதை வைத்துத்தான் என் மனைவியை ஏமாற்றினேன்.

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றது. கொஞ்ச காலம் சைக்கிள் கடையில் இருந்தேன். பிறகு பேண்டு செட்டில் பெரிய டிரம் வாசிக்கப் போனேன். காலையில் சாவு ஊர்வலம், மாலையில் மாப்பிள்ளை அழைப்பு என்று ஒரே நாளில் இரண்டும் வரும். எங்களுக்குத் தெரிந்தது ஏழெட்டுப் பாட்டு. காலையில் வாசித்ததையே மாலையிலும் வாசிப்போம். காலையில், தூக்கி வருகிறவர்கள் ஒரு எட்டு எடுத்து வைக்கும்வரை பொறுத்து அடுத்த அடி அடிப்பேன். மாலையில் அதே இடைவெளியில் மூன்று அடி விழும். காலையில் அழுத பாட்டுக்கு மாலையில் ஆடினார்கள். ஒரு சுரம்கூட மாறியிருக்காது.

வேகம் மட்டும் இல்லை, நடை என்று ஒன்று இருக்கிறது என்பது மெல்லிசைக் குழுவுக்கு வந்த பிறகு தெரிந்தது. ஒரே வேகத்தில் இரண்டு பேர் தெருவில் நடந்து போனாலும் ஒருவன் வேலைக்குப் போகிறான், இன்னொருவன் வேலை கேட்கப் போகிறான் என்று பார்த்ததும் தெரிந்துவிடும். பாட்டும் அப்படித்தான். அடியை மயிரிழை தாமதமாக வைத்தால் பாட்டு சாய்ந்து உட்காரும். மயிரிழை முன்னால் வைத்தால் எழுந்து நிற்கும். கேட்கிறவர்களுக்கு எது மாறியது என்று சொல்லத் தெரியாது. உடம்பு மட்டும் மாறும்.

ஒரு மண்டபத்து மேனேஜருக்கு இது நன்றாகத் தெரிந்திருந்தது. சாப்பாட்டு நேரத்தில் மேடைக்குப் பின்னால் வந்து என் காதில் சொல்வார்: "அண்ணே, அடுத்த பந்திக்கு ஆளு நிக்குது, உக்காந்திருக்கவன் எந்திரிக்க மாட்டேங்கிறான். தாலாட்டு மாதிரி வாசிச்சா தூங்கத்தான் செய்வான். கொஞ்சம் ஓட்டி விடுங்க." ஓட்டுவேன். அடுத்த பாட்டு முடிவதற்குள் பாதி இலைகள் மடிந்திருக்கும்.

என் மனைவி எங்கள் குழுவில்தான் பாடினாள். அவளுக்கென்று ஒரு பாட்டு இருந்தது. எந்தப் பாட்டு என்று எழுதப் போவதில்லை. எழுதினால் படிக்கிறவர்கள் மனதுக்குள் அதைச் சரியான வேகத்தில் பாடிப் பார்த்துவிடுவார்கள். போன கணவன் வரவில்லை, ஒருத்தி காத்திருக்கிறாள், அவ்வளவுதான் பாட்டு. மெதுவான பாட்டு. நிமிடத்துக்கு அறுபத்தெட்டு அடி. இரண்டாவது சரணத்தில் மூச்சு விட இடமே இல்லாத நீண்ட வரி ஒன்று உண்டு. நடுவில் மூச்சு எடுத்தால் வாக்கியம் உடைந்து பொருள் போய்விடும். அவள் அதை ஒரே மூச்சில் பாடி, கடைசி எழுத்தை நீட்டி, அது தானாகத் தேயும்வரை விடுவாள். அந்த இடத்தில் மண்டபத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் கேட்கும்.

மெதுவான பாட்டு சுலபம் என்று பலர் நினைக்கிறார்கள். வேகப் பாட்டில் வரிகள் சட்டென்று முடிந்துவிடும். மூச்சைத் தின்பது மெதுவான பாட்டுதான்.

சமயநல்லூரில் ஒரு காதுகுத்து. பகல் நேரம். அந்த வரியின் முடிவில் அவள் நீட்டவில்லை. எழுத்தைத் தொட்டுவிட்டு விட்டுவிட்டாள். அடுத்த கச்சேரியில் கடைசிச் சொல்லே பாதிதான் வந்தது. கேட்டதற்கு, "தூசி போயிருச்சு" என்றாள். வில்லாபுரத்தில் எங்கள் வீடு முதல் மாடி. பன்னிரண்டு படி. அவள் ஏழாவது படியில் நின்று, யாரோ கூப்பிட்டது போல் கீழே திரும்பிப் பார்ப்பாள். யாரும் கூப்பிட்டிருக்க மாட்டார்கள்.

பெரியாஸ்பத்திரியில் குழாயில் ஊதச் சொன்னார்கள், படம் எடுத்தார்கள். மருத்துவர் பொறுமையாகச் சொன்னார். "நுரையீரல் கொஞ்சம் கொஞ்சமா இறுகிக்கிட்டு வருதும்மா. இறுகினது திரும்ப இளகாது. மாத்திரை தர்றேன், அது தள்ளிப் போடும். ஆனா மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்து ஊதிக் காட்டணும். குறையுதுன்னா உடனே மருந்த மாத்தணும். விட்டுட்டா எங்களால ஒண்ணும் பண்ண முடியாது."

வெளியே வந்ததும் அவள் சொன்னாள்: "குழுவுல யார்ட்டயும் சொல்லிறாதீங்க. அப்புறம் பாவம்னு பாடக் கூப்புடுவாங்க, இல்லாட்டி பாவம்னு நிறுத்திருவாங்க." சரி என்று தலையாட்டினேன். மொபெட்டில் ஏறி உட்கார்ந்துகொண்டு, "ஊதிப் பாக்குற மிஷினெல்லாம் எனக்கு எதுக்கு? அந்த வரி இருக்குல்ல. அத ஒரே மூச்சுல பாடுற வரைக்கும் எனக்கு ஒண்ணுமில்ல" என்றாள்.

அது சித்திரை மாதம். அடுத்த கச்சேரியில் அந்தப் பாட்டு வந்தது. அவள் மைக்கைப் பிடித்துக்கொண்டு தோளை உயர்த்தி மூச்சை நிரப்பினாள். கழுத்து எலும்புக்கு மேலே தோல் உள்ளே குழிந்தது. நான் எதையும் திட்டமிடவில்லை. கை தட்டிவிட்டது. நான்கு தட்டும் வழக்கத்தைவிடக் கொஞ்சம் நெருக்கமாக விழுந்தன. எழுபத்திரண்டு இருக்கும். அந்த வரியைக் கடைசிச் சொல் வரைக்கும் பாடினாள்.

வீட்டுக்கு வந்ததும் தண்ணீர்கூடக் குடிக்காமல் சொன்னாள்: "பாத்தீங்களா? மாத்திரை கேக்குது."

நான் அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அவள் முகத்தைப் பார்த்தேன். நாளைக்குச் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன்.

அதன்பிறகு ஒவ்வொரு கச்சேரிக்கும் ஒன்று, இரண்டு என்று கூட்டினேன். அவளுக்கு மூச்சு குறையக் குறைய நான் வேகம் கூட்டினேன். வேகத்தை மறைக்கவும் வழி இருந்தது. இரண்டு அடி விழ வேண்டிய இடத்தில் ஒன்று வைத்தேன். வேகத்தைக் காட்டிக்கொடுக்கும் ஹை-ஹாட் என்ற ஜோடித் தாளத் தட்டைத் தொடவே இல்லை. வைத்த அடியையும் மயிரிழை பின்னால் வைத்தேன். பாட்டு உள்ளே ஓடிக்கொண்டிருக்கும், வெளியே நடப்பது போலத் தெரியும். இருபத்தைந்து வருடம் கற்றதையெல்லாம் அதில் போட்டேன். அவளுக்கு ஏன் தெரியவில்லை என்று இப்போது யோசிக்கிறேன். அவ்வளவு நல்ல காது அவளுக்கு. தேறிவிட்டோம் என்று நம்ப வேண்டியிருந்தது, நம்பினாள்.

மூன்று மாதம் முடிந்தது. ஊதிக் காட்டும் நாளில், "போவமா?" என்று கேட்டேன். "நல்லாத்தான பாடுறேன். அங்க போயி காலையிலருந்து வரிசையில நிக்கவா?" என்றாள். இரண்டாவது முறையும் போகவில்லை. படியில் நிற்பதற்கு மட்டும் முழங்கால் வலி என்று ஒரு காரணம் கண்டுபிடித்துவிட்டாள்.

வேகம் எண்பத்துநான்குக்கு வந்தபோது எதையும் மறைக்க முடியவில்லை. பேஸ் கிடார் வாசிக்கிறவர் தன்னை அறியாமல் குதித்து வாசிக்க ஆரம்பித்தார். கூட்டம் கைதட்டித் தாளம் போட்டது. ஒரு வரவேற்பில் மாப்பிள்ளையின் கூட்டாளிகள் அந்தப் பாட்டுக்கு ஆடினார்கள். ஒருத்தி கணவன் வரவில்லையே என்று உருகிக்கொண்டிருக்கிறாள், அவர்கள் கைக்குட்டையைச் சுற்றுகிறார்கள். என் மனைவி சிரித்துக்கொண்டே பாடினாள்.

காளவாசலில் ஓர் அறுபதாம் கல்யாணம். பாட்டு முடிந்ததும் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் கைத்தடியை ஊன்றி மேடைக்குப் பக்கத்தில் வந்தார். மிஷன் பள்ளியில் பாட்டு வகுப்பும் எடுத்தவராம். என்னைத்தான் தேடி வந்தார்.

"தம்பி, அந்தப் பொண்ணு வாசல்ல காத்துக்கிட்டு நிக்கிறா. நீங்க அவள பஸ்ஸுக்கு ஓட விடுறீங்களே, ஏன்?"

நான் குச்சிகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கீபோர்டு வாசிக்கிற தம்பிதான் எங்கள் குழுவின் தலைவர். அவர் அதைக் கேட்டுவிட்டார். அன்றைய பதிவைப் போனில் ஓடவிட்டு அளந்து பார்த்திருக்கிறார். மறுநாள் ஒத்திகைக்கு என் மனைவி வரவில்லை. அங்கே சொன்னார்:

"அண்ணே, எம்பத்தி நாலுல போகுது. அறுபத்தெட்டு பாட்டுண்ணே அது. மதினி எப்படித்தான் பாடுதோ! உங்களுக்கு வயசாகுது, கை ஓடுது. தப்பா நெனைக்காதீங்க. இனிமே கிளிக் போட்டுக்குவோம்."

கிளிக் என்பது ஹெட்போனில் சரியான வேகத்தைத் தட்டிக்கொண்டே இருக்கும் சத்தம். அதோடு சேர்ந்துதான் வாசிக்க வேண்டும். அவர் கெட்டவர் இல்லை. நான் அவரைத் தனியாகக் கூப்பிட்டு ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் பாட்டையே பட்டியலிலிருந்து எடுத்திருப்பார். மனைவி சொல்லக் கூடாது என்றாளே என்று எனக்கு நானே ஒரு சமாதானம் வைத்திருந்தேன். உண்மை அதுவல்ல. எனக்கு வாய் வரவில்லை. "சரி தம்பி" என்றேன்.

அடுத்த கச்சேரி ஒரு வளைகாப்பு. முற்பகல். ஹெட்போனை மாட்டிக்கொண்டேன். அந்த மெஷின் சொன்ன இடத்தில் நான்கு தட்டு தட்டினேன். முதல் வரியிலேயே அவள் ஒரு சொல் முன்னால் போய்விட்டுத் திரும்பி வந்தாள். பல்லவியை எப்படியோ கடந்தாள். இரண்டாவது சரணத்தில் அந்த வரி வந்தது. நான்கு சொல் நன்றாக வந்தது. ஐந்தாவதில் குரல் இல்லை, காற்று மட்டும் மைக்கில் கேட்டது. கீபோர்டு தம்பி சட்டென்று அந்த மெட்டைத் தானே வாசித்து மூடினார். கூட்டத்துக்கு ஒன்றும் தெரியவில்லை. கர்ப்பிணிப் பெண்ணுக்கு வளையல் அடுக்கிக்கொண்டிருந்தார்கள்.

அவள் திரும்பினாள். என் முகத்தைப் பார்க்கவில்லை. என் கைகளைப் பார்த்தாள். அவளுக்குப் புரிந்துவிட்டது.

வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு கேட்டாள்.

"எம்புட்டு நாளா?"

"சித்திரையிலருந்து."

விரல் விட்டு எண்ணினாள். "ஏழு மாசம்." மாத்திரை அட்டை இருந்த அலமாரியைப் பார்த்தாள். "அப்ப அந்த மாத்திரை கேக்கவே இல்லையா?"

நான் தரையைப் பார்த்தேன்.

"வாயத் தெறந்து சொல்லுங்க. இதுக்காச்சும் வாயத் தெறங்க."

"கேக்கல" என்றேன்.

அவள் அழவில்லை, திட்டவும் இல்லை. "எங்கிட்ட இருந்தது அந்த ஒரு வரிதான். அதுலயும் கைய வச்சுட்டீங்க" என்று மட்டும் சொன்னாள்.

ஆஸ்பத்திரியில் மறுபடி ஊதினாள். காகிதத்தைப் பார்த்த மருத்துவர், "நடுவுல ஏம்மா வரல?" என்று கேட்டார். அவள் என்னைக் காட்டிக்கொடுப்பாள் என்று நின்றேன். "நல்லாயிருச்சுன்னு நெனச்சுட்டேன் சார்" என்றாள். முன்னாலேயே வந்திருந்தால் மருந்தை மாற்றிக் கொஞ்ச காலம் தள்ளிப் போட்டிருக்கலாம் என்றார் மருத்துவர். கொஞ்ச காலம் என்றால் எவ்வளவு என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் ஒரு கணக்காவது தெரிந்திருக்கும்.

இப்போது வீட்டில் ஆக்சிஜன் மெஷின் இருக்கிறது. அது ஒரு சீராகப் புஸ், புஸ் என்று இறைக்கிறது. அவள் மூச்சு அதைவிட வேகமாகப் போகிறது. நான் எண்ணாமல் இருக்கப் பார்க்கிறேன். முடிவதில்லை. போன மாதம் அவள் இரண்டு மூச்சு விடும் நேரத்தில் இப்போது மூன்று விடுகிறாள். என்னால் கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது.

கச்சேரிக்குப் போய்க்கொண்டுதான் இருக்கிறேன். கல்லூரி படிக்கிற ஒரு பெண் அவள் இடத்தில் பாடுகிறாள். போன ஞாயிற்றுக்கிழமை ஒரு பகல் விருந்தில் அந்தப் பாட்டைக் கேட்டார்கள். அறுபத்தெட்டில் வாசித்தேன். ஆடியவர்கள் யாரும் இல்லை. சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் கையை இலையிலேயே வைத்துக்கொண்டு கேட்டார்கள். பாட்டு தன் இடத்துக்கு வந்துவிட்டது.

வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றும்போது அவள் கேட்டாள்:

"அந்தப் பாட்டு கேட்டாங்களா?"

"கேட்டாங்க."

"என்ன வேகம்?"

"அறுபத்தெட்டு."

"அந்த வரிய ஒரே மூச்சுல பாடுச்சா?"

இல்லை என்று சொல்ல நினைத்தேன். அவளிடம் இனி எதையும் மாற்றிச் சொல்வதில்லை என்று வைத்திருக்கிறேன். "பாடுச்சு" என்றேன்.

"கடைசில நீட்டுச்சா?"

"நீட்டுச்சு."

"நல்ல" என்றாள். நின்று ஒரு மூச்சு இழுத்தாள். "புள்ள" என்றாள்.