முத்துராஜின் முதுகு

என் வீட்டுக்காரர் முத்துராஜ் குன்னூர் பக்கத்து வெலிங்டன் ராணுவ மெஸ்ஸில் சமையல்காரர். வயது நாற்பத்து மூன்று. விடியற்காலையில் ஊரே கம்பளிக்குள் சுருண்டு கிடக்கும்போது, மனுஷன் வெறும் பனியனோடு எடை தூக்குவார். ஆணழகன் போட்டியில் ஒரு தடவையாவது ஜெயித்துவிட வேண்டும் என்பது கல்யாணத்துக்கு முன்பிருந்தே அவருக்கு வெறி.

உடம்பு என்னவோ செதுக்கி வைத்த மாதிரிதான். ஆனால் கழுத்திலிருந்து இடுப்புவரை முதுகெல்லாம் முடி! போன வருஷம் குன்னூரில் மேடையேறித் திரும்பி நின்றதும் எவனோ ஒருத்தன், "டேய், எஸ்டேட் கரடி இறங்கிருச்சுடா!" என்று கத்தினான். கூட்டமே சிரித்தது. முதுகுத் தசை கண்ணுக்கே தெரியவில்லை என்று நடுவர் மார்க்கைக் குறைத்துவிட்டார். வீட்டுக்கு வந்ததும், "அடுத்த தடவையும் இப்படியே ஆச்சுன்னா எல்லாத்தையும் மூட்டை கட்டிர்றேன், கலை" என்றார் அவர்.

விட்டுவிடுவேனா நான்? இந்த வருஷம் அந்த முதுகை என் பொறுப்பில் எடுத்துக்கொண்டேன்.

முதலில் ரேசர். ஜனவரிக் குளிரில் சட்டையைக் கழற்றியதும் முதுகு முழுக்கப் புல்லரித்துப் பொரிப்பொரியாக நின்றது. பிளேடு போன இடமெல்லாம் கீறல். ரெண்டே நாளில் முளைத்த முடி குத்த ஆரம்பித்து, கதவு நிலையில் தேய்த்துக்கொண்டு நின்றார். சரி, முடி நீக்கும் கிரீம் வாங்கி வந்தேன். நல்லவேளை, கையில் கொஞ்சம் தடவிப் பார்த்தோம். நாற்றம் தாங்கவில்லை, தோல் சிவந்து எரிந்தது. அது குப்பைக்குப் போனது.

கடைசியில் முடியை ஒட்டி இழுத்தெடுக்கச் சர்க்கரையும் எலுமிச்சைச் சாறும் சேர்த்துப் பாகு காய்ச்சினேன். முன்னறையில் அவரை உட்காரவைத்துத் தடவினேன். துணியை ஒட்டுவதற்குள் அது கடலைமிட்டாய் மாதிரி இறுகிவிட்டது! இழுத்தால் துணி மட்டும் கையோடு வருகிறது.

"ஏனுங்க, அசையாம இருங்க."

"அசைஞ்சா உசுரே போகுது அம்மிணி!"

வெந்நீர் ஊற்றிக் கரைக்கும்போதுதான் எனக்கு உறைத்தது. அடச்சே, குற்றம் பாகு மேல் இல்லை, குளிர் மேல்! மறுநாள் வெந்நீர் அடுப்புக்குப் பக்கத்தில் முக்காலி போட்டு, முதுகு வேர்க்கும்வரை உட்காரவைத்தேன். துடைத்துப் பவுடர் போட்டு, இளஞ்சூட்டுப் பாகை முடி சாய்ந்த பக்கமாகவே மெல்லிசாகத் தடவி, துணியை ஒட்டி, எதிர்ப்பக்கமாக ஒரே இழுப்பு! அவர் போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டு எல்சா ஓடிவந்துவிட்டாள்.

"ஐயோ, அண்ணனை என்னக்கா பண்றீங்க?"

"ஆணழகன் ஆக்கறேன், போ!"

துணியில் முடி வேரோடு வந்திருந்தது. அன்றைக்கே முழு முதுகையும் முடித்தேன்.

போட்டிக்குள் சிவப்பெல்லாம் ஆறிவிட்டது. மேடையில் திரும்பி நின்று முதுகை விரித்தார். விசில் பறந்தது பாருங்கள், கூரை பிய்ந்துவிடும் போல! நாற்பதைத் தாண்டியவர்கள் பிரிவில் முதல் பரிசு, என் முத்துராஜ்!

மைக்கைக் கொடுத்து, இந்த முதுகுக்கு என்ன பயிற்சி என்று கேட்டார்கள். அவர் என் பக்கம் கை காட்டினார்.

"என்ற முதுகை நான் நல்லாப் பார்த்ததே இல்லீங்க. அது நல்லாருக்குன்னு இத்தனை வருஷமாச் சொன்னது இவ ஒருத்திதான். இன்னைக்கு நீங்களும் சொல்லிட்டீங்க."

கைதட்டல் அடங்கவே இல்லை. வெட்கமா? எனக்கா? எழுந்து நின்று எல்லோருக்கும் பெரிய கும்பிடு போட்டேன்.