அடிபம்புத் தண்ணீர் பற்றிய அறிக்கை

எனக்கு அப்போது ஒன்பது வயதிருக்கும். அடையாற்றுக் கரையில் இருந்த எங்கள் தெருவில் அந்த மழைக்காலம் முழுக்கப் பிள்ளைகளுக்கு வயிற்றுப்போக்கு. என் தம்பி ஒரு வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்து, பாதியாக இளைத்துத் திரும்பினான். அதற்குப் பிறகுதான் ஆராய்ச்சிக்கூடத்திலிருந்து ஒரு மேடம் வந்து, எங்கள் தெருவின் மூன்று அடிபம்புகளிலும் தண்ணீர் பிடித்துக்கொண்டு போனார்.

முடிவைச் சொல்ல வந்த அன்று அங்கன்வாடிச் சுவரில் படம் போட்டுக் காட்டினார். படம் என்றதும் சினிமா என்று நம்பி முன்வரிசையில் இடம் பிடித்திருந்த நாங்கள் ஏமாந்து போனோம். கோடுகள் ஏறின, இறங்கின. நுண்ணுயிர், செறிவு, வரம்பு என்று அவர் சொல்லச் சொல்ல, பெரியவர்கள் மரியாதையாகத் தலையாட்டினார்கள். கடைசியில் சொன்ன ஒரு வாக்கியம் மட்டும் எல்லோருக்கும் புரிந்தது.

"இந்த இடம் மக்கள் வசிக்க ஏற்றதல்ல."

தலையாட்டல் நின்றுவிட்டது. அவர் தண்ணீரை நினைத்துச் சொன்னார்; எங்கள் ஆட்கள் லாரியை நினைத்துக் கேட்டார்கள். முந்தைய வருஷம்தான் பக்கத்து வரிசை வீடுகளை இடித்து, அங்கிருந்தவர்களைச் சட்டி பானையோடு லாரியில் ஏற்றி ஊருக்கு வெளியே கொண்டுபோய் விட்டிருந்தார்கள்.

அடுத்த வாரம் மேடம் மறுபடி பாட்டில்களோடு வந்தபோது யாரும் தண்ணீர் எடுக்க விடவில்லை. ஆட்டோ ஓட்டும் என் அப்பா பம்பின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு நின்றார். கோபப்படவில்லை, நகரவும் இல்லை. மேடம் அதே பாடத்தை இன்னும் சத்தமாகச் சொன்னார். எங்களுக்குக் காது கேட்கவில்லை என்று நினைத்துவிட்டார் போல.

மயிலாப்பூரில் இரண்டு வீடுகளில் சமையல் வேலை செய்த அம்மா, படித்தவர்களிடம் பேசிப் பழகியவள். மேடத்தை வீட்டுக்குள் அழைத்து ஸ்டூலில் உட்காரவைத்தாள்.

"இடம் சரியில்லன்னு நீங்க எழுதிக் குட்த்தா, தண்ணிய மாத்த மாட்டாங்க மேடம். எங்களத்தான் மாத்துவாங்க."

மேடம் கையிலிருந்த பாட்டில்களைக் கீழே வைத்தார். பிறகு, வேறு எப்படிச் சொல்லலாம் என்று கேட்டார். எந்தப் பம்பில் தண்ணீர் கெட்டுக் கிடக்கிறது, நாங்கள் என்ன செய்ய வேண்டும், அதை மட்டும் சொன்னால் போதும் என்றாள் அம்மா.

அடுத்த முறை சுவரும் இல்லை, படமும் இல்லை. காலையில் தண்ணீர் பிடிக்கிற நேரத்துக்கே வந்து, உள்ளே மருந்து தடவிய சின்னச் சின்னக் குப்பிகளைப் பெண்கள் கையிலேயே கொடுத்தார். அவரவர் பம்புத் தண்ணீரை அதில் பிடித்து வீட்டில் வைக்க வேண்டும். கெட்ட தண்ணீர் என்றால் கறுத்துவிடும். இரண்டு நாளில் கோயில் பக்கத்துப் பம்பின் குப்பிகள் மட்டும் மைபோலக் கறுத்தன.

"இதுல சாக்கடை கலக்குது. இதைக் குடிக்காதீங்க. மத்த ரெண்டையும் காய்ச்சிக் குடிங்க."

அவ்வளவுதான் அவருடைய சொற்பொழிவு. அப்பா அன்றைக்கே அந்தப் பம்பின் கைப்பிடியைக் கயிற்றால் இறுகக் கட்டிவிட்டார்.

அதிகாரிகளுக்கு அனுப்ப வேண்டிய அறிக்கையை முதலில் எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, மேடம் தமிழில் படித்துக் காட்டினார். பழக்க தோஷத்தில் ஓரிடத்தில் 'இந்த இடம்' என்றே எழுதியிருந்தார். அம்மா நிறுத்தச் சொன்னாள். அதை அடித்து 'இந்தப் பம்பு' என்று எழுதவைத்தாள். குழாய்த் தண்ணீர் வேண்டும் என்று கீழே ஒரு வரியும் சேர்க்கச் சொன்னாள். சில மாதங்களில் குழாய் வந்தது. நாங்களும் அங்கேயே இருந்தோம்.

அறிக்கை படித்த அன்று எனக்கு மேடத்தை நினைத்துப் பரிதாபமாக இருந்தது. அவ்வளவு படித்தவரின் தாளில் என் அம்மா பிழை திருத்துகிறாளே, அழுதுவிடுவாரோ என்று அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவரோ சிரித்தபடி, இன்னும் எதையாவது மாற்ற வேண்டுமா என்று கேட்டார். ஒரே ஒரு சொல்லை மாற்றியதற்கு அப்பா ஏன் எழுந்து வாசலுக்குப் போனார், ஏன் வெகுநேரம் உள்ளே வரவில்லை என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.