வாங்குவோம் என்று சொன்ன வீடுகள்

ஒருவர் ஒரு பொருளை வாங்குவேன் என்று சொன்னால், உண்மையில் வாங்குவாரா? இன்றுவரை எனக்கு விடை தெரியவில்லை.

சுனாமிக்கு மறுவருடம். என் மகளுக்குப் பல் முளைக்கும் வயது. மரக்காணத்தில் எங்கள் மகளிர் குழு, உப்பளத்து உப்பை அரைத்து அயோடின் சேர்த்து, பாக்கெட் போட்டு விற்கலாம் என்று யோசித்தது. ஊரில் எத்தனை வீடுகள் வாங்கும் என்று தெரிந்துகொண்டு தொடங்கலாம் என்றார்கள். குழுவில் கல்லூரிக்குப் போனவள் நான் ஒருத்திதான். சர்வே என் தலையில் விழுந்தது.

பக்கத்து வீட்டு அக்கா உப்பளத்தில் கூடை சுமப்பவர். உப்புத் தண்ணீர் அரித்துக் காலெல்லாம் புண். "பாக்கெட் போடுற வேலை வந்தா அளத்து வேலைய வுட்டுடுவேன். ஆனா வுட்டா வேற ஆளு வந்துடும், திரும்பக் கெடைக்காது. நீ விசாரிச்சு சொல்லும்மா, அப்புறம் நின்னுக்கிறேன்," என்றார்.

மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். "எங்க குழு உப்பு வந்தா வாங்குவீங்களா?" ஒரு வீடுகூட மறுக்கவில்லை. திரும்பி வரும்போதுதான் பயம் பிடித்தது. எங்கள் பக்கம் உப்பு தீர்ந்தால்கூடத் தீர்ந்தது என்று சொல்லமாட்டோம், நிறைஞ்சிருக்கு என்போம். உப்பு லட்சுமி. கைக்குழந்தையோடு வாசலில் நின்று ஒருத்தி கேட்டால், உப்பை வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? அதே ஊரில் வளர்ந்த எனக்கு அது முன்பே தோன்றவில்லை.

மறுபடியும் போனேன். இந்த முறை கேள்வி கேட்கவில்லை. அன்று பதில் சொன்னதற்கு நன்றியாக, குழு மாதிரிக்குப் போட்ட ஒரு பாக்கெட் உப்பு அல்லது அதே விலையில் ஒரு குளியல் சோப்பு, எது வேண்டுமோ எடுத்துக்கொள்ளச் சொன்னேன். பெரும்பாலான கைகள் சோப்புக்குப் போயின.

"ஏங்க, அன்னிக்கி உப்பு வாங்குவேன்னீங்களே?" என்று ஒரு பெண்ணிடம் கேட்டேன்.

"வாங்குவேன்தான். அதுக்குன்னு சும்மா வர்ற சோப்ப வுடுவாங்களா? உப்பு எங்க வூட்டுக்காரரு அளத்துலேருந்து கொண்டாந்துடுவாரு. ஒம் பொண்ணு பங்கு சோப்பையும் சேத்துக் குடு," என்று சிரித்தாள்.

சோப்பை எடுத்தவர்கள் உப்பு வாங்கமாட்டார்கள் என்று ஆகிவிடுமா? என் வீட்டு ஜாடியிலும் அளத்துக் கல்லுப்புதான். மகளுக்குப் பருப்புச் சோறு பிசையும்போது அயோடின் இல்லையே என்று உறுத்தும். என்னைக் கேட்டிருந்தால் நானும் வாங்குவேன் என்றுதான் சொல்லியிருப்பேன். வாங்கியிருப்பேனா?

காலையில் கூடையோடு கிளம்பிய அக்கா, "என்னம்மா, நின்னுடட்டுமா?" என்றார்.

"இந்த சீசன் மட்டும் போங்கக்கா. எனக்குப் பயமா இருக்குது."

"ஒனக்கு எதுக்குத்தான் பயமில்ல," என்று சொல்லிவிட்டு நடந்தார்.

குழு ஒரு கொட்டகை போட்டு, சிறிய அளவில் வேலையைத் தொடங்கியது. வாங்குவோம் என்றவர்களில் சிலர் வாங்கினார்கள், பலர் வாங்கவில்லை. சோப்பை எடுத்த சிலரும் வாங்கினார்கள். திண்டிவனத்துக் கடைகள் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. எப்படியோ கொட்டகை மூடப்படவில்லை. அக்கா உட்கார்ந்திருக்க வேண்டிய நிழலில் வேறொரு பெண் பாக்கெட் ஒட்டினாள். அக்கா வெயிலில் கூடை சுமந்தார்.

இப்போதும் குழு புதிதாக எதையாவது செய்ய நினைத்தால் என்னைத்தான் விசாரிக்க அனுப்புகிறார்கள். வேண்டாம் என்று சொல்லக் கூச்சப்படுபவர்களிடம், அவர்கள் மனம் நோகாமல் உண்மையான பதிலை வாங்குவது எப்படி? ஒருவருடைய பிழைப்பு அந்தப் பதிலை நம்பி இருக்கும்போது எவ்வளவு தெரிந்தால் போதும்? இந்த வேலை செய்து பழகியவர்கள் யாராவது இருந்தால் எனக்குச் சொல்லுங்கள்.